இரண்டாவது பிரேக்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்கு 'அம்பு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி முதலாளியிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் அம்புதான். தைத்து வரும் சட்டைகளை விரித்துப் பார்த்து, எங்கே நூல் விட்டிருக்கிறதோ, எங்கே காலர் ஒரு பக்கம் கோணியிருக்கிறதோ, அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. மற்ற செக்கர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு தாள் ஸ்டிக்கர் என்றால் இவளுக்கு மூன்று தாள் பற்றாது. நாலாவது தாளில் மிச்சம் விழுந்ததைக் கைப்பையில் போட்டு வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவாள்.

இருபத்திரண்டு வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடினால் மனுஷி என்ன ஆவாள்? அவளும் அதுதான் ஆனாள். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரி நலம் விசாரித்தால் ஏணி இரவல் கேட்கப் போகிறாள் என்று அர்த்தம். வயது நாற்பத்தொன்பது. அண்ணன் வீட்டு மாடியில், ஒரு அறையும் ஒரு சமையல் மேடையுமாகத் தனியாக இருந்தாள். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டால் அண்ணி முந்திக்கொண்டு பதில் சொல்வாள்: "வந்த மாப்பிள்ளைங்க எல்லாருக்கும் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பிட்டா."

சும்மா சொல்லக் கூடாது, அவள் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. பட்டன் பிரிவில் ஒருத்தி இருந்தாள். பதினோரு வருடம் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். மேனேஜரைப் பற்றி இவள் மனசு விட்டுச் சொன்னதையெல்லாம் அந்த மகராசி ஒரு எழுத்து குறையாமல் மேனேஜரிடமே கொண்டுபோய்ச் சேர்த்தாள். இவளுக்கு வர வேண்டிய சூப்பர்வைசர் நாற்காலியில் அடுத்த மாதம் அவள் உட்கார்ந்தாள். அப்புறம் ஒரு மழை நாளில் இவள் பேருந்து நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நிற்க, புதுக் காரில் வந்தவள் கண்ணாடியைக்கூட இறக்காமல் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனாள். அன்றைக்கு, ஈரப் புடவையோடு, அம்பு இரண்டு முடிவு எடுத்தாள். இந்த ஜென்மத்தில் இனி சினேகிதி என்று ஒருத்தி கிடையாது. அவளைப்போலத் தானும் கார் ஓட்டியே தீருவது.

முதல் முடிவைக் கெடுத்ததே இரண்டாவது முடிவுதான்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அம்மாளை எல்லாரும் டீச்சர் என்பார்கள். ஐம்பத்தெட்டு வயது, கத்தரித்த முடி, வாசற்படி அதிரும் சிரிப்பு. ஒரே ஒரு பழைய வெள்ளைக் கார்தான் அவருடைய பள்ளிக்கூடம். அதில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. ஓட்டுகிறவர் சொதப்பினால் டீச்சர் மிதித்துக்கொள்வார். பாடத்தில் அவருக்கென்று இரண்டு பழக்கம். வழியில் தெரிகிற போர்டையெல்லாம் சத்தமாக வாசிக்க வேண்டும். "வாய் வாசிச்சாதான் கண்ணு தூங்காது" என்பார். இன்னொன்று கடைசிப் பாடம். மைதானத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு டீச்சர் நிற்பார். மாணவர் காரைப் பின்னாலேயே அவரை நோக்கிக் கொண்டுவர வேண்டும். கிட்டே வந்ததும் டீச்சர் காரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார். அங்கே நிறுத்த வேண்டும். நானூறு பேர் அப்படி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்பு மட்டும் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள்.

"உங்க மேல ஏத்திட்டேன்னா? எனக்கு ஜெயில்ல களி திங்கணும்னு தலையெழுத்தா?"

லைசென்ஸ் வந்துவிட்டது, கடைசிப் பாடம் மட்டும் பாக்கி நின்றது. லைசென்ஸ் வந்த பிறகும் அவள் தனியாக ஓட்டவில்லை. அண்ணன் தன் கார் சாவியை நீட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் இரண்டாவது பிரேக் இல்லாத காரை நம்பி எவள் ஏறுவாள்? அதனால் டீச்சரே ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் வந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தார். ஒரு சுற்று, ஒரு டீ, திரும்பி வீடு. ஒரு பைசா வாங்கவில்லை. இந்தக் காலத்தில் ஓசியில் யார் என்ன தருகிறார்கள் என்று அம்பு அப்போதே சந்தேகப்பட்டாள். ஆனாலும் போனாள். ஒரு கை மட்டும் நீளமாகத் தைத்த சட்டையைப் பற்றி இவள் சொன்னால் டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். எட்டு மாதத்தில் அவளுக்கு வியாழக்கிழமையே ஞாயிற்றுக்கிழமை நினைப்பு வர ஆரம்பித்துவிட்டது. அதை நினைத்தால் அவளுக்கே பயமாக இருந்தது.

மூன்று மாதம் முன்னால் டீச்சர் பள்ளியை மூடினார். முட்டி வலி என்றார். காரின் தலையிலிருந்த போர்டு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து ஹாரன் அடிப்பதும் நின்றது; அம்புதான் பஸ் பிடித்து டீச்சர் வீட்டுக்குப் போய் அங்கிருந்து காரை எடுத்தாள். அன்றிலிருந்து பக்கத்து இருக்கையில் உட்காரும்போது, முட்டிக்கு இதமாக என்று, காலடியில் ஒரு பெரிய தலையணையைப் போட்டுக்கொள்வார். இன்னொரு மாற்றமும் வந்தது, அது அம்புவுக்குத் துளியும் பிடிக்கவில்லை. டீச்சர் இப்போதெல்லாம் நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதில்லை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்துப் பேசினார். பட்டன்காரியும் கடைசி மாதத்தில் இவள் கண்ணைப் பார்த்துப் பேசியதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் டீச்சர் சொன்னார். "தங்கச்சி ஊருக்கே போயிடறேன்மா. இனிமே அங்கதான். கார்லயே போறேன், நீயும் வாயேன். பாதி வழி நீ ஓட்டு, பாதி வழி நான் ஓட்டறேன். ராத்திரி தங்கிட்டு மறுநாள் பஸ்ல திரும்பிடு."

முந்நூறு கிலோமீட்டர். நானூறு மாணவர்கள் இருக்க, தன்னை ஏன்?

வீட்டில் சொன்னதும் அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "எட்டு மாசப் பழக்கம். முந்நூறு கிலோமீட்டரா? எனக்கென்னமோ அந்தத் தங்கச்சி வீட்ல பொண்டாட்டி இல்லாத மச்சான் எவனோ இருக்கான்னு தோணுது."

"எனக்கு இந்த வயசுலயா அண்ணி?"

"உனக்கு வயசாச்சு. அவனுக்குச் சமைக்க ஆள் வேணும்ல?"

இதையாவது சிரித்துத் தள்ளிவிடலாம். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் மூட்டை கட்ட உதவப் போனபோது நடந்ததைத் தள்ள முடியவில்லை. டீச்சர் சமையலறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். கூடத்தில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள் காதில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. "இல்லடி, அவகிட்ட இன்னும் சொல்லல. சொன்னா வரவே மாட்டா. முதல்ல வந்து சேரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அம்புவுக்குக் கை அப்படியே நின்றது. டேப் நுனி விரலில் ஒட்டிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே முழுக்குப் போட்டிருப்பார்கள். அவளும் ராத்திரி முழுக்க யோசித்தாள். போகாமல் இருக்கலாம், ஆனால் போகாவிட்டால் இந்த அம்மாள் எப்படிப்பட்டவர் என்று சாகிறவரைக்கும் தெரியப் போவதில்லை. இவர் நிஜமாகவே சினேகிதியா, இல்லை இன்னொரு பட்டன்காரியா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். இதிலும் தையல் விட்டிருந்தால் அப்புறம் மனுஷர்களே வேண்டாம், சட்டைகளோடு காலத்தை ஓட்டிவிடலாம். விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

பின்னிருக்கையில் இரண்டு சூட்கேஸ், ஒரு மேசை மின்விசிறி, பாத்திர மூட்டை, பயிற்சிக்கு வைத்திருந்த போக்குவரத்துச் சின்னங்களின் அட்டைகள். டீச்சர் காலடியில் வழக்கமான தலையணை. மடியில் கைப்பை. ஊர் எல்லையைத் தாண்டும்போது அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருடம் இருந்த ஊரை ஒருத்தி இப்படியா விட்டுப் போவாள்? போலீசுக்குப் பயந்து ஓடுகிறவள்தான் இப்படிப் போவாள் என்று அம்பு நினைத்தாள். நினைத்துவிட்டு, டிக்கியில் ஏற்றியிருந்த அட்டைப்பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று நேற்றே ஒவ்வொன்றாகப் பார்த்ததை ஞாபகப்படுத்திக்கொண்டாள். பழைய ஸ்வெட்டர்கள்தான் இருந்தன.

"போர்டு வாசி" என்றார் டீச்சர்.

"வேகத் தடை. பள்ளிக்கூடம். சிமென்ட் கிடங்கு. இங்கே சிறுநீர் கழிக்காதீர்."

"கழிச்சிருக்கானுங்களா?"

"மூணு பேர் நிக்கறாங்க டீச்சர்."

டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மயங்கிவிடக் கூடாது என்று அம்பு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நாற்பதாவது கிலோமீட்டரில் மரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு வளைவில் அது எந்தச் சமிக்ஞையும் இல்லாமல் திடுக்கென்று நின்றது. நீட்டிக்கொண்டிருந்த மரத்தின் வெட்டுமுகம், அதன் வளையங்களோடு, கண்ணாடிக்கு முன்னால் பெரிதாகிக்கொண்டே வந்தது. கார் கிரீச்சென்று நின்றபோது மரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பின்னால் பாத்திரங்கள் உருண்டு கொட்டின. டீச்சரின் இரண்டு கைகளும் கைப்பையை நசுக்கிக்கொண்டிருந்தன.

"நல்ல வேளை டீச்சர்" என்றாள் அம்பு, மூச்சு வாங்க. "நீங்க மிதிச்சீங்க. இல்லேன்னா இந்நேரம் சங்குதான்."

டீச்சர் கைப்பையின் நசுங்கிய மடிப்பைத் தடவிவிட்டார். அப்புறம் "ம்" என்றார்.

பத்து மணிக்கு ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். கடை ரோட்டிலிருந்து மூன்று படி மேலே இருந்தது. டீச்சர் கால் விரலால் படியின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஏறினார். ஆனால் முட்டியைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. மூன்று படியும் நிற்காமல் ஏறிவிட்டார். அம்பு அதைக் குறித்துக்கொண்டாள். டீ வந்தது. பன் வந்தது. டீச்சர் கிளாசை எடுக்கப் போய் அதற்கு இரண்டு விரல் தள்ளிக் காற்றைப் பிடித்தார், உடனே ஈயை விரட்டுவதுபோலக் கையை ஆட்டிக்கொண்டார். அங்கே ஈ ஏதும் இல்லை.

"டீச்சர், பாதி வழி வந்தாச்சு. இந்தாங்க சாவி" என்றாள் அம்பு.

"முட்டி புடிச்சிருக்கும்மா. இன்னும் கொஞ்ச தூரம் நீயே ஓட்டேன்."

"படி ஏறும்போது புடிக்கலையே?"

"ஏறும்போது புடிக்காது. உட்கார்ந்தாத்தான் புடிக்கும்." ஓரக்கண்ணால் இவளைப் பார்த்துச் சொன்னார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பொய். அம்பு மனசுக்குள் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினாள். அந்த டீ அவளுக்குக் கசந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓசியில் ஓட்ட விட்டது இதற்குத்தானா? சம்பளமில்லாத டிரைவர் ஒருத்தி வேண்டும் என்றா? ஆனால் ஓட்டத் தெரிந்தவர் ஏன் ஓட்டவில்லை? யோசித்துக்கொண்டே காரைக் கிளப்பினாள். போர்டுகளை வாசித்தாள். ஒரு போர்டை வாசிக்க மறந்தபோது டீச்சர், "அந்த வளைவுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். அது ஆள் உயர எழுத்தில், வெள்ளைச் சுவரில், கறுப்பாக எழுதியிருந்தது. கண் இருக்கிற எவருக்கும் தெரியும்.

அப்போதுதான் அவளுக்குத் தொழிற்சாலையின் 'பொறிச் சட்டை' ஞாபகம் வந்தது. செக்கர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா, இல்லை சும்மா முத்திரை குத்துகிறார்களா என்று தெரிந்துகொள்ள, மேலே இருப்பவர்கள் வேண்டுமென்றே கெட்ட சட்டை ஒன்றைக் கட்டுக்குள் சொருகி அனுப்புவார்கள். அது பாஸ் ஆகி வந்தால் செக்கர் மாட்டிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அம்பு ஒரு பொறிச் சட்டையிலும் மாட்டியதில்லை. இன்று அவளே ஒன்றைச் சொருகத் தீர்மானித்தாள்.

சாலை ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்தது. இடது பக்கம் நீளமான சுவர், நடுவில் ஒரு வளைவு வாசல், அதன் மேல் பெரிய எழுத்தில் 'நகராட்சி இடுகாடு'. உள்ளே வரிசையாகக் கல்லறைகள். அம்பு காரின் வேகத்தை நன்றாகக் குறைத்து, குரலில் நடுக்கம் வராமல் வாசித்தாள்: "துணிக்கடை. பட்டன், நூல், லைனிங் துணி சகலமும் பாதி விலைக்கு. இன்று ஒரு நாள் மட்டும்."

டீச்சர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

"சரி. ஓட்டு" என்றார்.

ஊர் தாண்டியதும் அம்பு ஒரு மரத்தடியில் காரை ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்தினாள்.

"டீச்சர், அங்க துணிக்கடை இல்ல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"முப்பது வருஷமா இந்த ரோட்டுல போயிட்டு வந்துட்டு இருக்கேன். அது இடுகாடு. இடுகாட்டுக்குள்ள போய் எவன்டி பட்டன் வாங்குவான்?"

அம்புவுக்குத் தூக்கி வாரிப் போட்டது. தான் வைத்த பொறியில் யார் மாட்டியது என்றே ஒரு கணம் புரியவில்லை. "அப்புறம் எதுக்கு சரின்னு சொன்னீங்க?"

"நீ பரீட்சை வைக்கறேன்னு புரிஞ்சுது. ஃபெயிலாயிட்டா வாய் விட்டுச் சொல்ற வேலை மிச்சம்னு பேசாம இருந்துட்டேன்." டீச்சர் கைப்பையின் ஜிப்பை இழுத்தார், மூடினார். "கண்ணு போயிடுச்சும்மா. முழுசா இல்ல. நடுவுல மட்டும் புகை மாதிரி. ஓரத்துல தெரியும். உன்னை நேரா பாத்தா உன் மூஞ்சி இருக்காது. திரும்பிப் பாத்தா காதும் தோடும் தெரியுது. டாக்டர் இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே கூடாதுன்னுட்டார். அதனாலதான் ஸ்கூலை மூடினேன். முட்டிக்கு ஒண்ணும் இல்ல, அது கல்லு மாதிரி இருக்கு."

இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். வரத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்து வாசலை அடைத்துக்கொண்டது. "அப்ப மூணு மாசமா போர்டு வாசி, போர்டு வாசின்னு சொன்னதெல்லாம் உங்களுக்குக் கண்ணு வேணும்னுதானா? பாதி வழி நான் ஓட்டறேன்னு சொல்லி ஏமாத்திக் கூட்டிட்டு வந்தீங்களே! ஒரு டாக்ஸி வெச்சுக்க வேண்டியதுதானே?"

"வெச்சிருக்கலாம். தங்கச்சி வீட்டுக்காரரே வந்து கூட்டிட்டுப் போறேன்னார்."

"அப்புறம் எதுக்கு நானு?"

"மத்தவங்க யாரா இருந்தாலும் நான் உட்கார்ந்து சொல்லணும். சொன்னா அழுவாங்க. கையைப் புடிச்சுக்கிட்டு ஐயோ டீச்சர்ம்பாங்க. நீ ஒருத்திதான் சொல்லாமலே கண்டுபிடிச்சு, கண்டுபிடிச்சதும் திட்டுவே. எனக்கு அதுதான் வேணும்னு இருந்துச்சு."

நல்ல பதில்தான். ரொம்ப நல்ல பதில். நல்ல பதில்களைப் பட்டன்காரியும் கை நிறைய வைத்திருந்தாள். அம்பு கடைசிச் சீட்டையும் எடுத்துப் போட்டாள். "நேத்து சாயங்காலம் போன்ல, 'அவகிட்ட சொல்லல, சொன்னா வரவே மாட்டா'ன்னு சொன்னீங்களே, அது இந்தக் கண்ணு விஷயம்தானா?"

டீச்சரின் முகம் மாறியது. "கேட்டுட்டியா?"

"கேட்டேன்."

"அது இது இல்ல. அது வேற."

"என்ன வேற?"

"இப்ப சொல்ல மாட்டேன். வீடு போய்ச் சேர்ந்ததும் சொல்றேன். சத்தியமா சொல்றேன். இப்ப ஓட்டு."

பாருங்கள், எப்படி இருக்கும்? இறங்கிப் பஸ் பிடித்துப் போய்விடலாமா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் கண் தெரியாதவரை நடு ரோட்டில் எப்படி விட்டுப் போவது? இதைக்கூடக் கணக்குப் போட்டுத்தான் செய்தாரோ என்னவோ. அம்பு காரைக் கிளப்பினாள். தண்டனையாக இருக்கட்டும் என்று ஒரு போர்டையும் வாசிக்கவில்லை. பத்து கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர். டீச்சர் கேட்கவும் இல்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, ஓரக்கண்ணில் அகப்படுகிற மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்த ரோட்டை அவர் இனி ஓட்டப்போவதில்லை என்று அம்புவுக்கு உறைத்தது. அடுத்த போர்டு வந்தபோது வாய் தானாகத் திறந்தது. "குறுகிய பாலம்!" என்று திட்டுகிற குரலில் கத்தினாள். "மெதுவாகச் செல்லவும்! டயர் பஞ்சர் ஒட்டப்படும்! நாய்கள் ஜாக்கிரதை!"

"இவ்வளவு கோவமா எந்த நாயும் குரைச்சதில்லைம்மா" என்றார் டீச்சர்.

அம்பு சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குத் தங்கச்சி வீடு வந்தது. ஒடுக்கமான தெரு. இரும்புக் கேட், உள்ளே கார் நிறுத்த ஒரு சின்ன முற்றம், கடைசியில் செங்கல் சுவர். வாசலிலேயே தங்கச்சியும் அவள் வீட்டுக்காரரும் காத்திருந்தார்கள். பொண்டாட்டி இல்லாத மச்சான் யாரும் கண்ணில் படவில்லை; அம்பு மாடி ஜன்னல்வரை பார்த்துவிட்டாள். தெருவில் காரைத் திருப்ப வழியில்லை, பின்பக்கமாகத்தான் உள்ளே விட வேண்டும்.

"சாவியைக் குடுங்கம்மா, நான் போட்டுடறேன்" என்று வீட்டுக்காரர் கை நீட்டினார்.

"வேண்டாம், அவ போடுவா" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் இறங்கினார். குனிந்து காலடித் தலையணையை எடுத்துத் தங்கச்சியிடம் கொடுத்தார்.

தலையணை இருந்த இடத்தை அம்பு பார்த்தாள். செக்கர் கண் அல்லவா, தப்புமா? கறுப்பு மிதியடிக்கு மேலே, இரண்டாவது பிரேக்கும் கிளட்சும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. திருகாணி கழற்றிய நான்கு ஓட்டைகள், சுற்றிலும் கொஞ்சம் துரு.

"டீச்சர். பிரேக் எங்க?"

"ஸ்கூலை மூடினப்பவே கழட்டியாச்சு. பர்மிட்டைத் திருப்பிக் குடுத்தா அதையும் கழட்டிக் காட்டணும்னு ரூல்." டீச்சர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இதைத்தான் சொல்லல. சொன்னா வரமாட்டே."

"மூணு மாசமா?"

"மூணு மாசமா. பன்னெண்டு ஞாயித்துக்கிழமை."

அம்பு அந்த நான்கு ஓட்டைகளையும் மறுபடி பார்த்தாள். "காலையில அந்த மர லாரி... நீங்கதானே மிதிச்சீங்க?"

"நான் தலகாணியை மிதிச்சேன். வண்டியை நிறுத்தினது நீ."

அவள் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். கண்ணும் இல்லை, பிரேக்கும் இல்லை. தன்னை நம்பித் தானே ஒரு நாளும் காரில் ஏறாதவள் அவள். அந்த அம்மாள் பக்கத்தில் ஒரு தலையணையை மிதித்துக்கொண்டு முந்நூறு கிலோமீட்டர் உட்கார்ந்து வந்திருக்கிறார். ஏமாற்றுகிறவர்கள் மற்றவர்கள் கழுத்தைத்தான் வைத்து ஆடுவார்கள். பட்டன்காரி தன் நகத்தில் ஒரு கீறல் விழச் சம்மதிப்பாளா?

"ரெண்டு பேரும் செத்துப் போயிருந்தா?" என்று கத்தினாள். அழுகை வந்துவிட்டது.

"சாகலையே" என்றார் டீச்சர். "சரி, வண்டியை உள்ள விடு. உனக்கு ஒரு பாடம் பாக்கி இருக்கு."

சொல்லிவிட்டு, கேட்டின் கம்பிகளைத் தடவிக்கொண்டே முற்றத்துக்குள் போனார். செங்கல் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தார். திரும்பி, அதில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, உனக்கென்ன கிறுக்கா?" என்று தங்கச்சி ஓடிவந்தாள்.

"நீ தள்ளி நில்லு. ஒருத்தியும் குறுக்க வரக்கூடாது."

"டீச்சர், நகருங்க! நான் மாட்டேன்!" என்று அம்பு ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"நகர மாட்டேன். ராத்திரி வரைக்கும் நடுத் தெருவுல வண்டியை நிறுத்தி வெச்சுக்கோ. ஊரே வந்து ஹாரன் அடிக்கட்டும்."

பின்னால் நிஜமாகவே ஒரு வண்டி வந்து ஹாரன் அடித்தது. அம்பு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். ரிவர்ஸ் கியரைப் போட்டாள். கண்ணாடியில் டீச்சர் தெரிந்தார். முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது, வலது கை தட்டுவதற்குத் தயாராகத் தூக்கியிருந்தது. இந்த ஒரு பக்கப் பார்வையைத்தான் கள்ளப் பார்வை என்று மூன்று மாதம் நினைத்திருந்தாள். வெட்கமாக இருந்தது. கார் நகர்ந்தது. கேட்டின் இரண்டு தூண்களையும் தாண்டியது. இரண்டு முழம். ஒரு முழம். டீச்சர் அசையவில்லை. அவள் காலுக்குக் கீழே இருந்த ஒரே பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தினாள்.

தட், தட்.

கார் நின்றது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். டீச்சர் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். அம்பு குனிந்து காருக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவே கையை விரித்து அளந்தாள். அளக்காமல் எதையும் நம்பிவிடுகிறவளா அவள்?

"எவ்வளவும்மா இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒரு சாண் டீச்சர்."

"பொய் போர்டு வாசிக்காதே."

"இல்ல டீச்சர்" என்றாள் அம்பு, தேம்பிக்கொண்டே. "நிஜமா ஒரு சாண்தான்."